நீந்தத் தெரியாத படகுக்காரர்

தோர்ன்லி பூங்காவின் ஏரியில் பன்னிரண்டு வருஷம் படகு வாடகைக்கு விட்டவர் எல்லிஸ் ஆர்மராட். அவருக்கு நீந்தத் தெரியாது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி ஹில்டா.

ஸ்காஃபோர்ட் ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பூங்காவைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் சண்டை நடந்து பஞ்சு வராமல் போன காலத்தில், ஆலை மூடிப் பட்டினி கிடந்த நெசவாளிகளைக் கூலிக்கு அமர்த்தி வெட்டிய ஏரி அது. எல்லிஸின் பாட்டனாருக்குப் பாட்டனாரும் அதில் மண் சுமந்தாராம். பனிக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டியதில் அவருக்குக் கால் விரல் இரண்டு போனது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஏரியை வைத்துத்தான் தன் பிழைப்பும் ஓடும் என்று எல்லிஸ் கனவிலும் நினைத்ததில்லை. அவருக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும்.

ஒன்பது வயதில் ஆலைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் விழுந்தவர். பந்து போனது என்று குனிந்தார், பந்தோடு போய்விட்டார். உள்ளே கறுப்பாக இருந்தது என்பது மட்டும் நினைவில் நின்றது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் எண்ணெய் நாற்றமடிக்கும் தண்ணீர். கரி ஏற்றிப் போன படகில் நின்ற ஒருவன் கொக்கியைச் சட்டைக் காலரில் மாட்டித் தூக்கிப் போட்டான். அதற்குப் பிறகு எல்லிஸ் முகம் கழுவுகிறதென்றால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான். தொட்டியில் குளிக்கும்போது தண்ணீர் இடுப்புக்கு மேல் வரக்கூடாது.

நாற்பது வயது வரைக்கும் தறிக் கூடத்தில் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஆலையும் மூடிவிட்டார்கள். "வெளிக்காத்து படற வேலையாப் பாருங்க, இல்லேன்னா அஞ்சு வருஷம் தாங்காது" என்றார் டாக்டர். நகராட்சியில் இரண்டு வேலை காலியிருந்தது. ஒன்று கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது. இருமுகிற மனுஷனுக்கு அது ஆகாது. மற்றது பூங்காவில் படகுத்துறை.

பூங்கா மேலாளர் ஹாலிவெல் என்பவர் மேசைக்குப் பின்னால் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், வயசு, முன்பு பார்த்த வேலை. பேனாவை நிமிர்த்தாமலே அடுத்த கேள்வியும் வந்தது.

"நீச்சல் தெரியுமில்ல?"

வெளியே வராந்தாவில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"மீன் மாதிரி சார்" என்றார் எல்லிஸ்.

"அதிசயந்தான். நம்ம ஊரு ஆலைக்காரனுக்கு பீர்ல நீந்தத்தான் தெரியும்னு நெனச்சேன்." ஹாலிவெல் சிரித்தபடி படிவத்தில் எழுதினார். நீந்தத் தெரியும். நீல மையில் இரண்டே வார்த்தை. சான்றிதழ் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது பயம்.

மார்ச் மாதம், படகுகளுக்கு வர்ணம் அடித்துக் காயப்போட்டிருந்த நாட்களில், எல்லிஸ் தட்டைப் படகு ஒன்றில் மண்டியிட்டு உட்கார்ந்து, நீளக் கழியால் ஏரி முழுவதையும் குத்திக் குத்திப் பார்த்தார். மூன்று நாள். பெரும்பாலான இடத்தில் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. நாலாம் நாள், தீவுத் திட்டுக்கு அந்தப் பக்கம், பழைய மதகு இருந்த இடத்தில் கழியை இறக்கினார். அது இறங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டடிக் கழியில் பிடிக்கிற இடம் மட்டுந்தான் மிச்சம். தரையைத் தொட்டபோது அவர் முழங்கை நனைந்துவிட்டது. கழியை இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பினார்.

இதை மேலாளரிடம் சொல்லலாம். சொன்னால், "அங்க ஒரு தடவை முங்கிப் பாத்துச் சொல்லு, என்ன இருக்குன்னு" என்பார். அதனால் எல்லிஸ் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். காலி வர்ண டின்களுக்கு வெள்ளை அடித்து, மூடியை இறுக்கி, கயிற்றில் கோத்து, அந்தப் பள்ளத்தைச் சுற்றி மிதக்கவிட்டார். ஹாலிவெல் பார்த்துவிட்டு, "என்னப்பா இது தோரணம்?" என்றார்.

"அன்னம் கூடு கட்டியிருக்கு சார். படகு போனா முட்டையை விட்டுட்டுப் போயிடும்."

"நல்ல மனசுய்யா உனக்கு" என்றார் ஹாலிவெல்.

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. அதோடு படகுத்துறை ஒழுங்காகத்தான் ஓடியது. வெளியூர்க்காரர்கள் வருவார்கள், அரைமணி நேரம் துடுப்புப் போடுவார்கள், நேரம் முடிந்ததும் எல்லிஸ் தகரக் கூம்பை வாயில் வைத்துக் கத்துவார்: "ஏழாம் நம்பர், கரைக்கு வாங்க!" கரையிலிருந்து பார்த்தால் அவ்வளவு சாந்தமான வேலை. ஊரே வெயிலுக்கு ஏங்கிக்கிடக்கும்; எல்லிஸ் மட்டும் காலையில் திரையை விலக்கி மழைக்கு ஏங்குவார். மழை பெய்தால் படகு இல்லை. வெயில் அடித்தால் பதினான்கு படகு, ஐம்பது தலை. நாள் முழுக்க தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். ஏரிக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதை யாரும் பார்த்ததில்லை. மதியத்துக்குக் கொண்டுவந்த இறைச்சி ரொட்டியைக்கூட நின்றபடியே, தண்ணீரைப் பார்த்தபடியே தின்பார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தவள் மேவிஸ் கிளெக். வாய் சும்மா இருக்காது.

"ஏன் எல்லிஸ், ஏரியை எவனாவது சுருட்டிட்டுப் போயிடுவான்னு பயமா?" என்பாள்.

காலையில் ஆள் வருவதற்கு முன் அவர் கயிறு வீசிப் பழகுவார். துறை முனையில் இருக்கும் மரத்தூணுக்கு முப்பதடி தள்ளி நின்று, சுருக்குப் போட்ட கயிற்றை எறிந்து மாட்டுவார். ஐம்பது தடவை. அதற்கும் மேவிஸ் விடமாட்டாள்.

"அந்தத் தூணு பாவம், யார் குடியைக் கெடுத்துச்சு? தெனம் காலங்காத்தால தூக்குல போடுறியே!"

எல்லிஸ் சிரித்து வைப்பார். கயிறு எட்டாத இடத்தில் ஒருத்தர் விழுந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வீச்சிலும் அவர் யோசித்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஹில்டாவுக்குத் தெரியும். பூங்கா வாசலுக்கு எதிரே ரொட்டிக் கடையில் அவளுக்கு வேலை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் மாவோடு வாசலுக்கு ஓடி வந்து, வண்டி பூங்காவுக்குள் திரும்புகிறதா, நேரே போகிறதா என்று பார்ப்பாள். நேரே போனால் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவாள்.

"போய்ச் சொல்லிடு எல்லிஸ்" என்று வருஷம் தவறாமல் சொன்னாள்.

"சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும். நீயே போயிட்டா?"

"நான் எங்க போறேன்? தண்ணியில எறங்கினாத்தானே போறதுக்கு."

"மத்தவங்க போனா?"

எல்லிஸ் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைப்பார்.

இப்படியே பதினொரு கோடை கடந்துவிட்டது. அந்தப் பதினொன்றில் தண்ணீரில் விழுந்தது ஒரு குடை, இரண்டு தொப்பி, குடிபோதையில் ஒரு தபால்காரர். தபால்காரர் விழுந்தது இடுப்பளவுத் தண்ணீரில். தானாகவே எழுந்து நடந்து வந்தார்.

பன்னிரண்டாவது கோடை. மே மாதக் கடைசித் திங்கள், விடுமுறை நாள். சொல்லிவைத்தாற்போல் வெயில். பூங்காவில் கொண்டாட்டம். கூம்பு மண்டபத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு முழங்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிஸ்கட் ஆலைப் பெண்கள் மூன்று பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். படகுத்துறையில் வரிசை ரோஜாத் தோட்டம் வரைக்கும் நீண்டது.

அந்த வரிசையில் பெரில் தாக்ரே என்கிற ஐம்பது வயதுப் பெண், இரண்டு தோழிகளோடு நின்றாள். கனமான கம்பளிக் கோட்டு, பழுப்புத் தொப்பி.

"கோட்டைக் கழட்டி இங்க வெச்சுட்டு ஏறுங்கம்மா" என்றார் எல்லிஸ். கம்பளி நனைந்தால் என்ன எடை எடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மே மாசத்து வெயிலை நம்பிக் கோட்டைக் கழட்டித்தான் எங்கம்மா போய்ச் சேர்ந்தா. என்னால ஆகாது கண்ணு."

"படகுல எந்திரிச்சு நிக்காதீங்க."

"விழுந்தா நீங்க இருக்கீங்கல்ல, தூக்கிப் போட்டுட மாட்டீங்களா?" என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினாள். வரிசையே சிரித்தது. எல்லிஸ் படகைத் தள்ளிவிட்டார்.

நாலாம் நம்பர் படகு. அவர் கண் அதன் மேலேயே இருந்தது. ஆனால் பதினான்கு படகு. ஆறாம் நம்பரில் துடுப்பு நழுவிவிட்டது என்று கத்தினார்கள். அதை எடுத்துக்கொடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினால் நாலாம் நம்பரைக் காணவில்லை. எண்ணினார். பதின்மூன்று. மறுபடி எண்ணினார். தீவுத் திட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்தது.

"மேவிஸ், நாலாம் நம்பர் எங்க?"

"அன்னக்குஞ்சு பாக்கணும்னு கேட்டாளுக. வெள்ளை டின்னைத் தாண்டிப் போனா கூடு தெரியும்னு நாந்தான் சொன்னேன். ஏன்?"

எல்லிஸ் அவளைப் பார்த்தார். அவர் சொன்ன பொய் அது. இல்லாத கூட்டைக் காட்டத்தான் அவர்களை அனுப்பியிருக்கிறாள்.

சிரிப்புச் சத்தம் பாதியில் அறுந்தது. தண்ணீர் அடிக்கிற ஓசை. பிறகுதான் அலறல்.

மண்டபத்தில் பாட்டு இன்னும் நிற்கவில்லை. எல்லிஸ் துறையில் கட்டியிருந்த காவல் படகில் தாவினார். தாவினார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு நினைவில்லை. துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் கண்ணில் பட்டது கரை. கரை நிறைய முகங்கள். அத்தனை கண்ணும் அவர் மேலேயே. ஒரு வாலிபன் சட்டையைக் கழற்றினான். பக்கத்தில் நின்ற பெரியவர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருப்பா. படகுக்காரர் போறாருல்ல. அவருக்குத் தெரியும். நீ குறுக்க விழுந்து காரியத்தக் கெடுக்காத."

அந்த வார்த்தை தண்ணீரின் மேல் தெளிவாக வந்து எல்லிஸின் காதில் விழுந்தது. வாலிபன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். 'வாடா, நீ வாடா' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தாமல் துடுப்பை இழுத்தார்.

திட்டைச் சுற்றியதும் கவிழ்ந்த படகு தெரிந்தது. தோழிகள் இருவரும் அதன் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு தொங்கினார்கள். எல்லிஸ் கயிற்றை வீசினார். முதல் வீச்சிலேயே போய் விழுந்தது. இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

"மூணாவது ஆளு?"

"பெரில்! இங்கதான் இருந்தா! இப்பத்தான் இருந்தா!"

பழுப்புத் தொப்பி மட்டும் மிதந்தது. பக்கத்தில் நாலைந்து குமிழி. பிறகு குமிழியும் இல்லை.

படகில் கிடந்த கொக்கிக் கழியை எடுத்துத் தொப்பி மிதந்த இடத்தில் இறக்கினார். எதிலோ மெத்தென்று பட்டது. கொக்கியைத் திருப்பினார். பிடித்தது, நழுவியது. மறுபடி பிடித்தது, மறுபடி நழுவியது. கீழே ஒரு மனுஷி இருக்கிறாள் என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் தனக்கு வீரம் வந்ததாக எல்லிஸ் ஒரு நாளும் சொன்னதில்லை. "பயம்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பயம். கரைக்குத் திரும்பி அந்த மூஞ்சிகளைப் பாக்கற பயம் கொஞ்சம் கூட இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று ஹில்டாவிடம் சொன்னார்.

இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டினார். மறு நுனியைப் படகின் குறுக்குப் பலகையில் முடிந்தார். முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. கழியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டார். கண்ணை இறுக மூடி, மரத்திலிருந்து இறங்குகிறவனைப் போலக் கழியைப் பிடித்துப் பிடித்து, தண்ணீருக்குள் இறங்கினார்.

குளிர் மண்டையைக் கவ்வியது. காதுக்குள் தன் இதயமே முரசடித்தது. ஒரு பிடி, இன்னொரு பிடி. உடம்பு மேலே போகத் துடித்தது. வாயைத் திற, வாயைத் திற என்று எல்லாத் தசையும் கெஞ்சியது. ஒரு கையைக் கழியிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. அந்தக் கை வரமாட்டேன் என்றது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, இருட்டில் துழாவினார். சேறு. களை. பிறகு கம்பளி. காலரை முறுக்கிப் பிடித்தார். காலைச் சேற்றில் உதைத்தார். கயிற்றைப் பிடித்து ஒற்றைக் கையால் இழுத்தார். எழும்பவில்லை. கயிற்றையும் விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைத் தூக்கி மேலே தள்ளினார்.

தள்ளிய வேகத்தில் அவள் மேலே போனாள். அவர் கீழே போனார். வாய் திறந்துகொண்டது.

மண்டபத்திலிருந்து வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒருவர், யார் சொல்லியும் கேட்காமல், சிவப்புக் கோட்டோடு திட்டின் மறுகரையிலிருந்து நீந்தி வந்திருந்தார். பெரிலின் தலை தெரிந்ததும் பிடித்தவர் அவர்தான். அவளைத் தோழிகள் பக்கம் ஒப்படைத்துவிட்டு, படகிலிருந்து விறைத்து நின்ற கயிற்றைப் பார்த்தார். அதைப் பிடித்து இழுக்க, நுனியில் எல்லிஸ் வந்தார்.

துறையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். பெரில் முதலில் இருமினாள். அதைக் கேட்ட பிறகு எல்லிஸ் வாந்தி எடுத்தார். கூட்டம் கைதட்டியது. சிவப்புக் கோட்டுக்காரர் அவர் காதருகில் குனிந்தார்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியாது. இல்ல?"

எல்லிஸுக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட மண்டபத்துக்குப் போனார்.

ஆம்புலன்ஸ் இந்தத் தடவை நேரே போகவில்லை. ஹில்டா ரொட்டிக் கடை ஏப்ரனோடு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அவர் கன்னமெல்லாம் மாவானது. பிறகு புல்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பயம் அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை அவர் படத்தைப் போட்டு 'வீரப் படகுக்காரர்' என்றது. அடுத்த மாதம் மண்டபத்தில் வைத்து மேயர் பதக்கம் குத்துவார் என்று அறிவித்தார்கள். மதுக்கடையில் ஆளாளுக்கு பீர் வாங்கி முன்னால் வைத்தார்கள். குடித்தால் தொண்டையில் ஏரித் தண்ணீர் ருசித்தது. அதைவிடக் கொடுமை, அடுத்த ஞாயிறு. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். இதுவரை படகில் கால் வைக்காதவர்களெல்லாம் வந்து நின்றார்கள். வெள்ளை டின்னைத் தாண்டாதீர்கள், அங்கே ஆழம் என்று எல்லிஸ் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்.

"ஆழமா இருந்தா என்ன? நீங்க இருக்கீங்களே!" என்று ஒருத்தி தன் பேத்தியைப் படகில் ஏற்றினாள்.

எல்லிஸ் குழந்தையைத் தூக்கிக் கரையில் இறக்கிவிட்டார். பிறகு படகுகள் ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கட்டினார். துறைக் கதவைப் பூட்டினார். வரிசை திட்டியதைக் காதில் வாங்காமல் ஹாலிவெல் வீட்டுக்கு நடந்தார்.

ஹாலிவெல் பதக்க விழாவுக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாய்யா வீரா! உக்காரு."

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நீச்சல். கால்வாசிகூடத் தெரியாது. அன்னிக்குப் பொய் சொன்னேன்."

ஹாலிவெல் பேனாவை வைத்தார். "பதினோரு வருஷமாவா?"

"இது பன்னெண்டாவது சார். இன்னொண்ணும் இருக்கு. அந்த டின்னுக்குள்ள அன்னக்கூடு எதுவும் இல்ல. அது பன்னெண்டடிப் பள்ளம். நான் மறைச்சேன். கூடுன்னு நம்பித்தான் அந்தம்மா அங்க போனாங்க."

ஹாலிவெல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் எல்லிஸ் நன்றாக அறிந்த ஒன்று இருந்தது. பயம்.

"நான் சான்றிதழ் கேக்கலை" என்றார் மெதுவாக. "கேட்டிருக்கணும். கையெழுத்து என்னது. இது வெளிய வந்தா ஒன் தலை மட்டுமில்ல, என் தலையும் உருளும்." கொஞ்ச நேரம் நடந்தார். "இப்படிச் செய்யலாம். பதக்கத்த வாங்கிக்க. பனிக்காலம் வந்து துறையை மூடினதும் நகராட்சி நீச்சல் குளத்துல போயிக் கத்துக்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"பனிக்காலம் வரைக்கும்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவாங்களே சார். என்னை நம்பியில்ல வர்றாங்க!"

ஹாலிவெல் மேசைக்குத் திரும்பினார். கடைசியில் தொலைபேசியை எடுத்தார்.

படகுத்துறையை அந்தக் கோடை முழுக்க மூடிவைத்தார்கள். மதகுப் பள்ளத்தைக் கல் கொட்டித் தூர்த்தார்கள். எல்லிஸை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆறு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். வேலை போகும், ஊரை விட வேண்டிவரும் என்று ஹில்டா பெட்டியைக்கூட ஒழுங்குபண்ணி வைத்துவிட்டாள். போகவில்லை. கடும் எச்சரிக்கை, பதக்கம் ரத்து, சம்பளத்தில் ஒரு படி இறக்கம், கண்ணாடி வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஹாலிவெல் அடுத்த வருஷம் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். ஊர் எல்லிஸுக்கு 'மீனு' என்று பெயர் வைத்தது. மதுக்கடையில் அவர் நுழைந்தால் கன்னத்தை உப்பி வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள்.

ஒரு நாள் மேவிஸ் தேநீர்க் கடையிலேயே ஒருவன் அப்படிச் செய்தான். அவள் அவன் கோப்பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"மீனுங்கறியே, அன்னிக்குக் கரையில நீயும்தானே நின்னே? ஒனக்கு நீச்சல் தெரியும். நீ எறங்கினியா? போ, போயி வேற கடையில குடி."

எல்லிஸிடம் மட்டும் அவள் அதற்குப் பிறகு வாயாடவில்லை. கூடு இருக்கிறது என்று கையைக் காட்டியவள் அவள்தானே.

மறு வருஷம் மே மாதம், கண்ணாடி வீட்டில் பெரணிச் செடிகளுக்கு நடுவே அவர் குனிந்திருந்தபோது வாசலில் ஒரு கம்பளிக் கோட்டு தெரிந்தது. அவர் கையிலிருந்த பூவாளி நழுவியது. பெரில் தாக்ரே. தனியாக, பஸ் பிடித்து வந்திருந்தாள். ஏச வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார். அதற்காகவே ஒரு வருஷமாகக் காத்திருந்தார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள் அவள். "நீங்க சொன்ன பொய்யாலதான் நான் விழுந்தேன்."

"ஆமாம்மா."

"நீங்க எறங்கினதாலதான் எழுந்து வந்தேன்."

எல்லிஸ் பூவாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இதுல எதுக்காக ஒங்களப் பாக்க வர்றேன்னு பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். இன்னும் வெளங்கலை. இந்தாங்க." ஒரு டப்பாவை நீட்டினாள். ஆலையில் உடைந்துபோன பிஸ்கட்.

இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட தொட்டிகள் மேல் உட்கார்ந்து தின்றார்கள். குளிக்கும்போது இன்னும் கதவைத் திறந்துதான் வைக்கிறாள் என்றாள். வெளியில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எல்லிஸ் ஈரத் துணியால் முகம் துடைக்கிற கதையைச் சொன்னார். ஹில்டா நச்சரித்து நகராட்சி நீச்சல் குளத்துக்கு ஒரு தடவை போனதையும், படியிலேயே அரைமணி நேரம் நின்றுவிட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததையும் சொன்னார்.

"அடியில என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்க பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டில்ல இருந்தேன்."

பெரில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நான் தொறந்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் தெரியலை. ஒரு கை மட்டும் துழாவிக்கிட்டு வந்துச்சு. என்னைவிட அதுக்குத்தான் பயம் ஜாஸ்தின்னு தோணுச்சு. அதான் எனக்குப் பயம் விட்டுப்போச்சு, கொஞ்ச நேரம்."

நாலு மணிக்கு அவளுக்குப் பஸ். வாசலுக்குக் குறுக்கு வழி ஏரிக்கரை ஓரமாகத்தான். புதுப் படகுக்காரர், சான்றிதழோடு வந்தவர், அந்த வாரம்தான் துறையைத் திறந்திருந்தார். எல்லிஸ் அந்த வழியாக அழைத்துப் போகவில்லை. ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான பாதையில் திரும்பினார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் வேலிச் செடி குட்டையாக இருக்கும். அங்கே வரும்போது தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தம் கேட்டது. யாரோ பெண்கள் சிரித்தார்கள்.

பெரில் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் நடையை எட்டிப்போட்டார்கள்.